25 பவுண்டு டாக்சியும் இளஞ்சிவப்பு ஜெர்சியும்: டல்விச் ஹேம்லெட்டில் ஒரு சனிக்கிழமை

முதலில் அந்த டாக்சிக் கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மனசு ஆறாது. லண்டன் பிரிட்ஜிலிருந்து ஈஸ்ட் டல்விச்சுக்கு ரயிலில் போனால் கால் மணி நேர வேலை. அன்றைக்குப் பார்த்துத் தண்டவாளப் பராமரிப்பு, ரயில் கிடையாது. மாற்றுப் பேருந்துக்கு நின்ற வரிசை தெருமுனையைத் தாண்டிப் போனது. நான் பார்க்கப் போன டல்விச் ஹேம்லெட் கிளப்பின் கால்பந்து ஆட்டமோ மூன்று மணிக்கு. ஸ்டேஷன் வாசலில் நின்றிருந்த ஒரு கார்க்காரர், "டல்விச்தானே, வாங்க, பத்தே நிமிஷம்" என்றார். பத்து நிமிடம் நாற்பது நிமிடமானது. இறங்கும்போது 25 பவுண்டு கேட்டார். நான்கு மைல்கூட இல்லை ஐயா! பேரம் பேசினால் ஞாயிற்றுக்கிழமை வரை அங்கேயே நிற்க வேண்டியிருக்கும் என்று கொடுத்துத் தொலைத்தேன். திரும்பும்போது 176ஆம் எண் பேருந்தில் வந்தேன், 1.75 பவுண்டு. வித்தியாசத்தை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

லண்டன் போகும் நம்மவர்கள் ஆர்சனல் அணியின் எமிரேட்ஸ் மைதானத்து வாசலில் போட்டோ எடுத்துக்கொண்டு வருவதோடு சரி. உள்ளே போய் ஆட்டம் பார்க்க முதலில் உறுப்பினராக வேண்டும், அப்புறம் டிக்கெட் கிடைக்க வேண்டும். வெளியே விற்பவர்களிடம் போனால் அவர்கள் சொல்லும் விலைக்கு ஊருக்கே திரும்பிவிடலாம். நான் தேடியது வேறு. இங்கிலாந்துக் கால்பந்தில் மேலே நான்கு லீக்குகள், அதற்குக் கீழே ஐந்தாம் படியிலிருந்து வருவதெல்லாம் 'நான்-லீக்'. நான் பார்க்கப் போன டல்விச் ஹேம்லெட் இருப்பது ஏழாம் படியில், இஸ்த்மியன் லீக்கில். டிக்கெட் 15 பவுண்டுக்குள் முடிந்தது.

மைதானத்தின் பெயர் சாம்பியன் ஹில். பெயரைக் கேட்டு மலையைத் தேடாதீர்கள், செயின்ஸ்பரி சூப்பர் மார்க்கெட்டைத் தேடுங்கள். அதன் கார் நிறுத்தத்தை ஒட்டித்தான் கிளப்புக்குப் போகும் வழி. 1931இல் திறந்த பழைய மைதானம் ரொம்பப் பெரியது. 1933இல் எஃப்.ஏ. அமெச்சூர் கோப்பை (சம்பளம் வாங்காமல் ஆடுபவர்களின் அணிகளுக்கு இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் நடத்திய போட்டி) இறுதி ஆட்டத்துக்கு 20,744 பேர் அங்கே கூடியிருக்கிறார்கள். அதை இடித்து, நிலத்தில் ஒரு பகுதியைக் கடைக்குக் கொடுத்து, மிச்சத்தில் 1992இல் எழுப்பியதுதான் இப்போதுள்ள சின்ன மைதானம். மூவாயிரம் பேர் வந்தால் நிறைந்துவிடும். அழகு என்று சொல்ல மாட்டேன், பழைய பள்ளிக்கூடத்து உடற்பயிற்சிக் கூடம் மாதிரி இருக்கிறது.

ஆனால் நுழைந்ததும் அந்த நிறம்! இளஞ்சிவப்பும் கருநீலமும். தாத்தாக்கள், தாடிக்கார இளைஞர்கள், தள்ளுவண்டியில் குழந்தைகள், எல்லார் கழுத்திலும் அதே நிறத்தில் ஸ்கார்ஃப். எனக்குப் பக்கத்தில் நின்ற பெரியவரின் நாய்க்கும் ஒன்று. ஆம், நாயை அழைத்து வரலாம். பீர் கோப்பையோடு நின்று ஆட்டத்தைப் பார்க்கலாம். மேல் லீக்குகளில் களம் கண்ணில் படும் இடத்தில் மது குடிக்கச் சட்டமே தடை போடுகிறது. இடைவேளை வந்ததும் ஒரு வேடிக்கை. கோலுக்குப் பின்னால் நின்ற கூட்டம் மொத்தமாகக் கிளம்பி, மைதானத்தைச் சுற்றி நடந்து எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டது. தங்கள் அணி எந்த கோலைத் தாக்குகிறதோ அதன் பின்னால்தான் நிற்பார்களாம். பெரியவரும் நாயும் நடந்தார்கள், நானும் பின்னாலேயே போனேன்.

போகும் வழியில் அவரிடம் ஒன்று கேட்டேன். மைதானத்துச் சாலைக்கு எட்கர் கெய்ல் வே என்று பெயர், கூட்டமும் அந்தப் பெயரைச் சொல்லியே பாடுகிறது, யார் இவர்? அவ்வளவுதான், இரண்டாம் பாதியில் பாதி எனக்குக் கதையிலேயே போய்விட்டது. ஊருக்குப் போய்ப் படித்துச் சரிபார்த்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

1893இல் டல்விச் ஹேம்லெட் தொடக்கப் பள்ளியின் பழைய மாணவர்கள் கேட்டுக்கொண்டதால் கிளப்பைத் தொடங்கியவர் லொரெய்ன் வில்சன். எல்லாருக்கும் அவர் 'பா' வில்சன். 1907இல் இஸ்த்மியன் லீக்கில் சேர்ந்தார்கள். முதல் உலகப் போருக்கு முன்பே இங்கே ஓர் எகிப்தியர் நட்சத்திரம்: ஹுசேன் ஹெகாசி. 1911இல் ஃபுல்ஹாம் கிளப் அவரை ஒரே ஓர் ஆட்டத்தில் இறக்கிப் பார்த்தது, கோலும் அடித்தார். அவர்கள் விடாமல் கூப்பிட்டும், பா வில்சனுக்குக் கொடுத்த வாக்கை மீற மனமில்லாமல் டல்விச்சிலேயே தங்கிவிட்டார். பின்னாளில் எகிப்துக்காக ஒலிம்பிக்கில் ஆடியவர் அவர்.

எட்கர் கெய்ல் அதற்கு அடுத்த தலைமுறை. 1919 முதல் 1933 வரை ஆடி, நானூறுக்கும் மேல் கோல் அடித்தவர். சம்பளம் வாங்காத அமெச்சூர், தொழில்முறை கிளப்புகள் கூப்பிட்டும் போகவில்லை. 1929இல் இங்கிலாந்து அணிக்கே தேர்வாகி, பாரிஸில் பிரான்சுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் இரண்டு கோல் போட்டார். அதே சுற்றுப்பயணத்தில் மாட்ரிட்டில் ஸ்பெயினிடம் இங்கிலாந்து 4-3 என்று தோற்றதே, அந்த ஆட்டத்திலும் அவர் இருந்தார். கிளப்பின் பொற்காலமும் அதையொட்டித்தான். அமெச்சூர் கோப்பை 1920, 1932, 1934, 1937 என்று நான்கு முறை வந்து சேர்ந்தது. ஆடி முடித்து ஒரு நூற்றாண்டு நெருங்குகிறது, பிரீமியர் லீக்கில் ஒரு பந்துகூட உதைக்காத மனிதரை இன்றைக்கும் இருபது வயதுப் பையன்கள் தொண்டை கிழியப் பாடுகிறார்கள். எனக்குப் புல்லரித்துவிட்டது, பொய் சொல்லவில்லை.

இன்னொன்று. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் தென் கொரியா மெக்சிகோவை 5-3 என்று வென்றது இந்த சாம்பியன் ஹில்லில்தான். அதே ஒலிம்பிக்கில், லண்டனின் இன்னொரு மூலையான இல்ஃபோர்டில், பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடிய இந்திய அணி பிரான்சிடம் 2-1 என்று தோற்றது. நமக்கான அந்த ஒரு கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். பெரியவருக்கு இது தெரியவில்லை, அவருக்குச் சொல்ல என்னிடமும் ஒரு கதை இருந்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமை.

கோபம் வரவைக்கும் கதையும் உண்டு. 2018 மார்ச்சில் நில உரிமையாளர்கள் கிளப்பைச் சொந்த மைதானத்திலிருந்தே வெளியே தள்ளினார்கள். அங்கே அடுக்குமாடி கட்டும் திட்டத்தில் எழுந்த தகராறு. உச்சம் என்னவென்றால், கிளப்பின் பெயரையே வணிகக் குறியாகப் பதிந்துகொண்டு, இனி இந்தப் பெயரைப் பயன்படுத்தாதீர்கள் என்று கடிதம் அனுப்பியதுதான். வீட்டை எடுத்ததும் போதாமல் பெயரையும் பிடுங்குவதா? ஊரே கொந்தளித்தது, நாடாளுமன்றம் வரை போனது, பெயர் திரும்பி வந்தது. மைதானம் வர டிசம்பர் ஆகிவிட்டது. அதுவரை இடம் கொடுத்தது யார் தெரியுமா? பக்கத்து ஊர்ப் போட்டிக் கிளப்பான டூட்டிங் அண்ட் மிச்சம். அந்த இரவல் மைதானத்தில்தான் மே மாதம் ஹெண்டன் கிளப்பைப் பெனால்டியில் வென்று மேல் டிவிஷனுக்குப் போனார்கள். 2023இல் மறுபடி இறங்கிவிட்டார்கள், அது வேறு விஷயம்.

அன்றைய ஆட்டமா? சுமார்தான். பந்து பாதி நேரம் வானத்தில் இருந்தது. யாரும் அதற்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

முடிந்ததும் பக்கத்துப் பகுதியான பெக்கம் பக்கம் நடந்தேன், இருபது நிமிடம் ஆகும். அங்கே ரை லேன் என்ற தெருவில் ஒரு நைஜீரியச் சாப்பாட்டுக் கடை. தக்காளியில் வெந்து சிவந்த ஜொலோஃப் சோறு, ஆட்டுக்கறி, பொரித்த நேந்திரம். அடிப்பிடித்த சோற்றின் வாசனை மூக்கில் ஏற, காரம் அப்புறம்தான் மெதுவாக வந்து காதைச் சூடாக்கியது. உப்புச் சப்பில்லாத சாண்ட்விச்சுகளையே தின்றுகொண்டிருந்த நாக்குக்கு உயிர் வந்தது. பத்து பவுண்டு, இரண்டு பேர் சாப்பிடலாம். நான் தனியாகவே முடித்தேன்.

எப்படிப் போவது என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன், எங்கெங்கோ போய்விட்டேன். சரி, சுருக்கமாக: லீக் ஆட்டங்கள் ஆகஸ்டிலிருந்து ஏப்ரல் கடைசி வரை, பெரும்பாலும் சனிக்கிழமை மூன்று மணிக்கு. டிக்கெட்டை ஆன்லைனில் முன்பே எடுங்கள், அதிலும் பெரிய லீக்குகளுக்கு விடுமுறை விடும் சர்வதேச ஆட்ட வாரங்களில் கூட்டம் அள்ளும். ரயில் ஓடுகிறதா என்று காலையிலேயே பார்த்துவிடுங்கள். ஸ்கார்ஃப் வாங்குவதென்றால் ஆட்டம் தொடங்கும் முன்பே வாங்குங்கள், கடைசியில் போனால் கவுண்டரில் நீண்ட வரிசை.