ரிசஸுக்காகப் பள்ளி போர்டு முன் நின்றேன்

நேற்று இரவு பத்தே முக்காலுக்கு வீடு வந்து சேர்ந்தேன். மகன் தூங்கிவிட்டான். எழுப்பிச் சொல்லிவிடலாமா என்று இருந்தது. இந்த ரிசஸ் போராட்டம் ஜனவரியில் ஆரம்பித்தது, ஏப்ரலில்தான் முடிந்திருக்கிறது.

நாங்கள் இருப்பது மத்திய நியூஜெர்சியில். மகன் நான்காம் வகுப்பு. ஒரு நாள் முகம் வாடி வந்தான். கணக்குத் தாளை முடிக்கவில்லை என்று ரிசஸுக்கு, அதாவது விளையாட்டு இடைவேளைக்கு, விடாமல் வகுப்பிலேயே உட்கார வைத்துவிட்டார்களாம். அந்த வாரத்தில் அது மூன்றாவது முறை. டீச்சரைக் கேட்டேன், பிரின்சிபாலைக் கேட்டேன். "ரிசஸை நிறுத்துவது ஆசிரியர் விருப்பம் என்று டிஸ்ட்ரிக்ட் பாலிசியில் (ஊர்ப் பள்ளிகளின் விதிகளில்) இருக்கிறது" என்பதே இருவரின் பதிலும்.

ஆனால் மாநிலச் சட்டம் வேறு சொல்கிறது. 2018-ல் வந்து, 2019-20 கல்வியாண்டில் நடைமுறைக்கு வந்த சட்டம் அது. கிண்டர்கார்டன் முதல் ஐந்தாம் வகுப்பு வரை தினமும் குறைந்தது 20 நிமிடம் ரிசஸ் கொடுக்க வேண்டும். நடத்தை விதியை மீறினால் மட்டுமே நிறுத்தலாம், அதுவும் வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் கூடாது. பிஇ என்னும் உடற்கல்வி வகுப்பை இந்தக் கணக்கில் சேர்க்கவும் முடியாது. கணக்குத் தாளை முடிக்காதது எந்த நடத்தை விதியில் வரும்?

நல்ல வேளையாக, எலிமென்டரி பாலிசிகள் எல்லாவற்றையும் போர்டு, அதாவது ஊர்ப் பள்ளிகளுக்கான விதிகளை முடிவு செய்யும் குழு, இந்த ஆண்டு மறுபடி பார்க்கிறது என்று தெரிந்தது. சரி, நேரில் போய்ச் சொல்லிவிடலாம் என்று பிப்ரவரிக் கூட்டத்துக்குப் போனேன்.

முதல் பயணம் முழு வீண். அறிவிப்பில் ஆறு மணி என்று போட்டிருந்தது. ஆறு மணிக்கு நடந்தது பொதுமக்களை விடாத மூடிய அமர்வு. ஏழரை வரை காரில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் பேசப் பெயர் கொடுத்தால், முதல் பப்ளிக் கமெண்டில், அதாவது பொதுமக்கள் பேசும் முதல் சுற்றில், அன்றைய அஜெண்டாவில் உள்ளதைப் பற்றி மட்டும்தான் பேசலாமாம். ரிசஸ் பாலிசி அன்று அஜெண்டாவில் இல்லை. மற்றதெல்லாம் கடைசியில். மகனைப் பக்கத்து வீட்டில் விட்டுவந்திருந்ததால் ஒன்பதரைக்குக் கிளம்ப வேண்டியதாயிற்று. போகிறவர்கள் அஜெண்டாவைத் திறந்து, பொதுக் கூட்டம் எத்தனை மணிக்கு, பேச்சு எத்தனை சுற்று என்று முதலில் பாருங்கள். நம்மைப் பேச விடுவது அவர்கள் தயவு இல்லை. பள்ளி போர்டு கூட்டத்தில் பொதுமக்களுக்கு நேரம் ஒதுக்க வேண்டும் என்று மாநிலச் சட்டமே சொல்கிறது.

அன்று அரங்கம் நிறைந்திருந்தது மிடில் ஸ்கூல் கணக்குக்காக. ஆறாம் வகுப்பில் வேகமாகப் போகும் தனிப் பிரிவை எடுத்துவிட்டு, ஏழாவதிலிருந்து பிரிக்கலாம் என்பது திட்டம். எட்டாவதில் அல்ஜீப்ரா 1 முடித்தால்தான் பன்னிரண்டாவதில் கால்குலஸ் வரும் என்று நம் ஆட்கள் பாதிப் பேர் வந்திருந்தார்கள். அந்தக் கவலை எனக்கும் புரிகிறது. ஆனால் பத்து வயதில் ஒரு பரீட்சையை வைத்துப் பிரிப்பது எனக்குப் பிடித்ததே இல்லை. எட்டு வருடம் கழித்து வரும் கால்குலஸுக்கு நாற்பது பேர் வந்தார்கள், இன்றைக்குக் குழந்தை ஓடி விளையாடும் இருபது நிமிடத்துக்கு நான் ஒருத்திதான். அது மனதை உறுத்தியது.

அடுத்தது ஓப்ரா, அதாவது பொது ஆவணங்களைக் கேட்டு வாங்கும் சட்டம். "முடிக்காத பாடத்துக்கு ஏன் ரிசஸை நிறுத்துகிறீர்கள்?" என்று எழுதிப் போட்டேன். ஏழு வேலை நாள் முழுக்க வைத்திருந்துவிட்டு, இது கேள்வி, ஆவணம் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். முதல் நாளே ஒரு வரி எழுதியிருந்தால் ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும். மறுபடி, "செப்டம்பர் முதல் ஜனவரி வரை பாலிசி கமிட்டி போர்டுக்குக் கொடுத்த அறிக்கைகள்" என்று தேதி போட்டுக் கேட்டேன். வந்துவிட்டது. அதில்தான், ரிசஸ் பாலிசி மார்ச்சில் ஃபர்ஸ்ட் ரீடிங்குக்கு, அதாவது போர்டு முன் முதல் முறையாக, வரும் என்று இருந்தது.

இதை மட்டும் மறக்காதீர்கள்: எதுவாக இருந்தாலும் ஃபர்ஸ்ட் ரீடிங்கில் பிடியுங்கள். இறுதி வாக்கெடுப்பு நடக்கும் செகண்ட் ரீடிங் வரை காத்திருந்தால் எல்லோரும் மனதில் முடிவு செய்துவிட்டுத்தான் வருவார்கள்.

மார்ச் கூட்டத்துக்கு முந்தின வெள்ளி மாலை அஜெண்டா வந்தது. பாலிசி வரைவின் இணைப்பு திறக்கவில்லை. போன் செய்தால், "எங்களுக்குத் திறக்கிறதே" என்று வைத்துவிட்டார் அலுவலக அம்மா. இரவு பதினொரு மணிக்கு, பதினைந்து வருடமாக இந்த ஊரில் இருக்கும் ஓர் அக்கா தன் கம்ப்யூட்டரில் இறக்கி அனுப்பினார். "உனக்கு வேண்டியது மூன்றாம் பக்கத்தில் இருக்கு பார்" என்றார். இருந்தது. அதே "ஆசிரியர் விருப்பம்", ஓர் எழுத்துகூட மாறாமல்.

மூன்று நிமிடம் கொடுத்தார்கள். பெயர், ஊர், வணக்கம், மகன் கதை என்று ஆரம்பித்தேன். சட்டத்துக்கு வரும் முன்பே மைக்கை அணைத்துவிட்டார்கள். நின்ற இடத்திலேயே கண் கலங்கிவிட்டது. முதல் வாக்கியத்திலேயே சட்டத்தைச் சொல்லிவிடுங்கள், குழந்தையின் கதை அப்புறம். ஒன்பது உறுப்பினர்களுக்கும் ஒன்பது நகல் எடுத்துப் போயிருந்தேன். போர்டு செயலாளரிடம் கொடுத்துவிட்டு வந்ததுதான் என்னைக் காப்பாற்றியது. போர்டு உறுப்பினர்களும் சம்பளம் இல்லாமல், வேலை முடிந்து வந்து உட்காருகிறவர்கள். அதுவரை வாயே திறக்காத ஓர் உறுப்பினர் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்த வரி சட்டப்படி சரியா?" என்று கேட்டார். பாலிசி மறுபடி கமிட்டிக்குப் போனது.

நேற்று திருத்திய வரைவு வந்தது. அந்த வரி இல்லை. பெயர் கூப்பிட்டு வாக்கெடுத்தார்கள், ஒன்பது பேரும் ஆம் என்றார்கள். கணக்குத் திட்டமும் ஐந்துக்கு நான்கு என்று நிறைவேறியது. வெளியே வாகன நிறுத்தத்தில் அந்த அக்கா கட்டிப்பிடித்துக்கொண்டார்.

இன்று காலை பிரின்சிபாலுக்குப் புதிய பாலிசியை இணைத்து, டீச்சர்களுக்கு எப்போது சொல்வீர்கள் என்று கேட்டு எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. வெள்ளிக்கிழமை வரை பார்த்துவிட்டு நேரில் போவேன்.