பட்டம்பாங் போக முன்னம்

வாற மாதம் கம்போடியா போகிறேன். பட்டம்பாங்கில் செயற்கைக் கால் பொருத்தும் ஒரு நிலையத்தில் பதினைந்து நாள். உதவி செய்யவென்று வெளிநாடு போவது இதுதான் முதல்தரம். எங்கள் பக்கம் உதவி எப்போதும் வெளியிலிருந்து வந்துதான் பழக்கம். இங்கிருந்து ஒருவன் போகிறான் என்றதும் சந்தித் தேத்தண்ணிக் கடை ஐயா எழும்பி வந்து கை தந்தார்.

1997இல் எனக்குப் பத்து வயது. யாழ்ப்பாணத்துத் தென்மராட்சியில் பனங்காணிக்குள் ஆடு தேடிப் போன இடத்தில் மிதிவெடி. வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. கொஞ்ச மாதத்தில் வெளியிலிருந்து ஒரு குழு வந்தது. நல்ல மனிசர். அளவெடுத்துக் கால் போட்டார்கள், நான் நடப்பதைப் படம் எடுத்தார்கள், ரொபி தந்துவிட்டுப் போனார்கள். அடுத்த வருடம் நான் வளர்ந்துவிட்டேன், கால் வளரவில்லை. மிச்சக் காலை நுழைக்கும் கிண்ணம், சொக்கெட், இறுக்கித் தோல் உரிந்தது. அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் காலைத் திருப்பி வாங்கிவிடுவார்கள் என்று பயம்.

வளர்ந்த ஆளுக்கு ஒரு கால் மூன்று நாலு வருடம் தாங்கும். பிள்ளைக்கு ஆறு மாதத்திலேயே மாற்றவேண்டி வரலாம். சில பிள்ளைகளுக்கு வெட்டிய எலும்பு நுனியில் வளர்ந்து தோலைக் குத்தும், திரும்பவும் சத்திரசிகிச்சை. பதினெட்டு வயதுக்குள் நான் எட்டுக் கால் மாற்றினேன். இப்போது யாழ்ப்பாணத்தில் கால் பொருத்தும் வேலையைத்தான் செய்கிறேன்.

அதனால், கூப்பிட்டவர்களிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்: பிள்ளைகளுக்கு நான் கால் பொருத்தமாட்டேன். அங்கே வேலை செய்யும் இரண்டு பொடியளுக்குப் பக்கத்தில் நிற்பேன், காட்டித் தருவேன். ஆறு மாதம் கழித்து அந்தப் பிள்ளை தேடி வரப்போவது அவர்களிடம்தானே.

காட்டப்போவது பெரிய வித்தையும் இல்லை. சொக்கெட்டைக் கழற்றியதும் உள்ளே காலில் போட்டிருக்கும் உறையை மெல்ல உருட்டி எடுத்துத் தோலைப் பார்க்கவேண்டும். சிவந்துதான் இருக்கும். மணிக்கூட்டைப் பார்த்துப் பத்து நிமிடம் இருக்கவேண்டும். சிவப்பு மறைந்தால் சரி. மறையாவிட்டால் அந்த இடத்தில் அமுக்குகிறது, பிள்ளை ‘நோகேல்லை’ என்று சொன்னாலும். நானும் அப்படித்தான் சொன்னவன். கெமர் மொழியில் ‘ச்சூ தே?’ என்றால் ‘நோகுதா?’ என்று அர்த்தமாம். தினமும் சொல்லிப் பழகுகிறேன்.

பொலிஸ் சான்றிதழ் கேட்டார்கள். பிள்ளையோடு தனியே கதவைப் பூட்டிக்கொண்டு இருக்கக்கூடாது, படம் எடுக்கக்கூடாது என்று ஒரு கடிதமும் அனுப்பினார்கள். வாசித்தபோது, என்னைச் சந்தேகப்படுகிறார்களோ என்று மனம் நொந்தது. பிறகு அந்த 1997ஆம் ஆண்டுப் படம் ஞாபகம் வந்தது. எடுக்கட்டுமா என்று ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. எந்த நாட்டில் எந்தச் சுவரில் தொங்குகிறதோ. கையெழுத்து வைத்து அனுப்பினேன்.

அம்மாவுக்கு வேறு கவலை. “வெறுங்கையோட பிள்ளையளைப் பாக்கப் போறதே?” என்று இருபது பனங்கட்டிக் குட்டான் வாங்கி வைத்திருக்கிறா. கம்போடியாவின் தேசிய மரமே பனைதான், அங்கேயும் பதநீர் இறக்கிக் காய்ச்சுகிறார்கள் என்றேன். நம்பவில்லை. போனில் தேடி ஒரு படம் காட்டினேன்: வயல், வரம்பு, நடுவில் வரிசையாகப் பனைகள். கனநேரம் பார்த்தா.

“அப்ப அங்கையும் உப்பிடித்தானோ வெடிச்சது?”

“ஓம் அம்மா. தாய்லாந்து எல்லைப் பக்கம் இன்னும் எடுத்து முடியேல்லை. எங்கடை முகமாலை மாதிரி.”

குட்டான்களைத் திருப்பி எடுத்துவிடுவா என்று நினைத்தேன். பழைய சேலைத் துண்டில் சுற்றி, அளவுநாடாவுக்கும் உறைக் கட்டுக்கும் நடுவில் இறுக்கி வைத்தா.

“அந்த ரண்டு பொடியளுக்கும் குடு, தம்பி. அங்கை நிண்டு பாக்கப்போறது அவையள்தானே.”