செராமிக் இடுப்பு மூட்டு: லைனர் உட்காரும் நேரம்

தொடை எலும்பின் தலைக்குப் பதிலாகச் செராமிக் பந்தும், இடுப்புக் குழியில் பதிக்கும் உலோகக் கப்புக்குள் உட்காரும் செராமிக் லைனரும் உள்ள செயற்கை மூட்டு, தேய்ந்துபோனதால் மறு அறுவைக்குத் திரும்பி வருவது மிக அரிது. பந்து நழுவுவது, கிருமித்தொற்று, ஸ்டெம் (தொடை எலும்புக்குள் இறங்கும் தண்டு) தளர்வது ஆகியவை எந்த வகை மூட்டுக்கும் வரக்கூடியவை. செராமிக்குக்கே உரிய தொல்லைகள் உடைவும் கிரீச் சத்தமும்தான். இந்த இரண்டுக்கும் பெரும்பாலும் ஆபரேஷன் தியேட்டருக்குள்ளேயே வழி திறந்துவிடுகிறது என்பது எங்கள் கருத்து.

1970-இல் பிரான்சில் பியேர் பூத்தான் அலுமினா என்ற செராமிக்கால் ஆன மூட்டைப் பொருத்தத் தொடங்கினார். அன்றைய செராமிக் எளிதில் உடைந்தது. இன்று பரவலாக வைக்கப்படும் இளஞ்சிவப்பு நிற பயோலாக்ஸ் டெல்டா என்ற செராமிக்கில் அலுமினாவோடு சிர்கோனியா சேர்ந்திருக்கிறது. விரிசல் ஓடும் இடத்தில் சிர்கோனியா மணிகள் விரிந்து அதை அடைத்துவிடும். பிரிட்டனின் தேசிய மூட்டுப் பதிவேட்டை வைத்து 2017-இல் வெளியான ஆய்வில், பழைய பயோலாக்ஸ் ஃபோர்ட்டே பந்துகளில் 0.119 சதவீதமாக இருந்த உடைவு டெல்டாவில் 0.009 ஆக இறங்கியது. லைனரில் மட்டும் அந்த இறக்கம் இல்லை: ஃபோர்ட்டே 0.112, டெல்டா 0.126. பொருள் இவ்வளவு மேம்பட்ட பிறகும் லைனர் உடைகிறதென்றால், அது உட்காரும் விதத்தைத்தான் பார்க்க வேண்டும்.

டிபன் டப்பா மூடி ஒரு பக்கம் ஏறிக்கொள்வதுபோல லைனரும் கோணலாக மாட்டிக்கொள்ளும். அதை அடித்துச் சரிசெய்யப் பார்த்தால் விளிம்பில் சில்லு பெயரும், அது கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம். அதனால் முதலில் கப்பின் விளிம்பு முழுவதும் தெரிய வேண்டும். துருத்தும் எலும்பை வெட்டி, தசையை ஒதுக்கி, திருகின் தலை மேலே நிற்கவில்லை என்று பார்த்து, உட்புறத்தைக் கழுவித் துடைக்க வேண்டும். லைனரைக் கையால் வைத்தபின் விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டுங்கள். ஓரிடத்தில் தூக்கலாகத் தட்டுப்பட்டாலும் கழற்றி மறுபடி வையுங்கள். அதன்பிறகே இம்பாக்டர் (அடித்து இறக்கும் கருவி). ஏவிஎன் (ரத்த ஓட்டம் நின்று தொடை எலும்பின் தலை செத்துப்போகும் நோய்) வந்த இளவயதுக்காரர்களுக்கு எலும்பு கெட்டியாக இருக்கும். இறுக்கமாக அடித்த மெல்லிய டைட்டானியம் கப் சற்று நெளிந்து, லைனர் இறங்க மறுக்கும். அவசரம் காட்டக் கூடாத இடம் அது.

பந்தைப் பொருத்தும்போது டேப்பரில் (பந்து ஏறி உட்காரும், ஸ்டெம்மின் கூம்பு முனை) ரத்தமோ கொழுப்போ எலும்புத் துணுக்கோ இருக்கக் கூடாது. ஒரு துணுக்கு சிக்கினாலே சுமை அந்த ஒரு புள்ளியில் விழும். நன்றாக உலர்த்தி, பந்தைக் கையால் திருகி இறுக்கி, பிளாஸ்டிக் முனை இம்பாக்டரால் நேர்கோட்டில் திடமாக ஒரு தட்டு. இரும்புச் சுத்தி பந்தில் படவே கூடாது. ஒருமுறை அடித்துப் பொருத்திய பந்தைக் கழற்றினால் அதைத் திரும்ப வைக்கக் கூடாது. பயன்படுத்திய டேப்பருக்கு டைட்டானியம் ஸ்லீவ் (உள்ளுறை) உள்ள பந்துதான் வேண்டும்.

சத்தத்துக்குக் கப்பின் கோணமும் ஒரு முக்கியக் காரணம். சாய்வு 40 பாகை, முன்திருப்பம் 15 பாகை, இரண்டிலும் 10 பாகை கூடக்குறைய என்பது பழகிய இலக்கு. கப் செங்குத்தாகிவிட்டால் பந்து விளிம்பிலேயே சுமையை ஏற்றும். நாற்காலியிலிருந்து எழும்போதோ படி ஏறும்போதோ கிரீச் என்று கேட்டு, வலி இல்லாமல், எக்ஸ்ரேயும் சரியாக இருந்தால் கண்காணித்தால் போதும். புதிதாக நறநறவென்ற சத்தமும் வலியும் சேர்ந்து வந்தால் அன்றே சிடி ஸ்கேன் எடுக்க வேண்டும். எக்ஸ்ரேயில் சில்லு தெரியாமல் போகலாம்.

உடைந்தபின் செய்யும் மறு அறுவைதான் மிகக் கடினம். மூட்டுச் சவ்வை முழுவதும் அகற்றினாலும் நுண்துகள் மிஞ்சும். அங்கே உலோகப் பந்தை வைத்தால் துகள்கள் அதை அரைத்துத் தள்ளும். ரத்தத்தில் கோபால்ட் ஏறி இதயம், பார்வை, செவி கெட்டவர்கள் உண்டு. செராமிக்குக்குப் பதில் செராமிக் பந்துதான்.

அதற்காகவாவது டிஸ்சார்ஜ் சம்மரியில் இம்ப்ளாண்ட் ஸ்டிக்கர்கள் ஒட்டப்பட்டிருக்கின்றனவா என்று நோயாளிகள் கேட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். பந்தின் அளவு, டேப்பர் வகை, லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்) எல்லாம் அதில்தான் இருக்கும். பல ஆண்டு கழித்து வேறு ஊரில் திறக்க நேர்ந்தால் அந்த மருத்துவர் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.