பெயர்ப் பட்டியல் இருக்கும் பக்கத்தைத் தேடி

எங்கள் பகுதி நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நடக்கும் வாசிப்பு வட்டத்துக்கு வரும் திருநங்கை ஒருவர், என்னிடம் பத்தாம் வகுப்பில் குடிமையியல் படித்தவர். 2019ஆம் ஆண்டின் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி அடையாளச் சான்றிதழ் வாங்குவதற்காகப் பல மாதங்கள் அலைந்து முடித்த களைப்பில் ஒருநாள் என்னிடம் கேட்டார்: "டீச்சர், இந்தச் சட்டம் டெல்லியில வந்தப்போ நம்ம ஊர் எம்.பி. யார் எப்படி ஓட்டுப் போட்டாங்கன்னு எங்கேயாவது எழுதி வச்சிருப்பாங்களா?" முப்பது ஆண்டுகள் நாடாளுமன்றத்தைப் பற்றிப் பாடம் நடத்திய எனக்கு அதற்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. அடுத்த வாரம் சொல்கிறேன் என்றேன். உண்மையில் ஏழு வாரங்கள் ஆயின.

எடுத்துக்கொண்ட பெயர் திருச்சி சிவா. மாநிலங்களவையில் பல ஆண்டுகள் தமிழ்நாட்டின் சார்பில் இருந்தவர், தி.மு.க.வைச் சேர்ந்தவர், திருநர் உரிமை என்றாலே நினைவுக்கு வரும் தனிநபர் மசோதாவை (அமைச்சர் அல்லாத உறுப்பினர் ஒருவர் கொண்டுவரும் மசோதா) கொண்டுவந்தவர் என்பதால் அவரிடமிருந்து தொடங்குவது சரியென்று எனக்குப் பட்டது. அவருடைய கட்சிக்கு நான் ஆதரவும் இல்லை, எதிர்ப்பும் இல்லை. ஒருவருடைய நிலைப்பாட்டை அவருடைய மேடைப் பேச்சிலிருந்து அல்லாமல், அவை நடவடிக்கைகளைப் பதிவு செய்யும் அவை ஏட்டிலிருந்து மட்டும் எவ்வளவு தூரம் அறிய முடியும் என்பதைத்தான் நான் பார்க்க விரும்பினேன்.

முதலில் பலரும் செய்வதையே நானும் செய்தேன். உறுப்பினர்களின் செயல்பாட்டைத் தொகுத்துத் தரும் பி.ஆர்.எஸ். அமைப்பின் பக்கத்தைத் திறந்தேன். வருகை விழுக்காடு, கேட்ட கேள்விகளின் எண்ணிக்கை, கலந்துகொண்ட விவாதங்கள், கொண்டுவந்த தனிநபர் மசோதாக்கள் என்று எல்லாம் ஒழுங்காக இருந்தன. வாக்கு என்று ஒரு பத்தி மட்டும் இல்லை. தொகுத்தவர்கள் விட்டுவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அவை ஏடுகளுக்குள் போன பிறகுதான், தொகுப்பதற்கே பெரும்பாலும் ஒன்றும் இல்லை என்பது புரிந்தது.

நம் நாடாளுமன்றத்தில் பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுகின்றன. அவைத் தலைவர் ஆதரிப்போரையும் எதிர்ப்போரையும் மாறிமாறிக் குரல் கொடுக்கச் சொல்லி, எந்தப் பக்கம் ஓங்கி ஒலித்தது என்று தம் காதால் கேட்டதை வைத்து அறிவிக்கிறார். ஏட்டில் மிஞ்சுவது "தீர்மானம் ஏற்கப்பட்டது" என்ற ஒரே வரி. யாராவது ஓர் உறுப்பினர் அந்த அறிவிப்பை ஏற்க மறுத்து டிவிஷன் கேட்டால்தான் மணி அடித்து, கதவுகளைச் சாத்தி, பொத்தான் அழுத்தியோ சீட்டு எழுதியோ ஒவ்வொருவர் வாக்கும் பதிவாகிறது. பெயர்கள் அச்சில் வருவது அப்போது மட்டுமே. அரசமைப்புச் சட்டத் திருத்தம் என்றால், அவையின் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேலும், வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமலும் ஆதரவு வேண்டும் என்று 368ஆம் பிரிவு சொல்வதால், அங்கே எண்ணாமல் தப்ப முடியாது. 2023இல் மகளிர் இடஒதுக்கீட்டுத் திருத்தத்துக்கு மக்களவையில் 454 பேர் ஆதரவு, 2 பேர் எதிர்ப்பு என்று இன்றைக்கும் நாம் துல்லியமாகச் சொல்ல முடிவது அதனால்தான். சாதாரண மசோதாக்களுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது.

இவ்வளவு தெரிந்துகொண்டு 2015 ஏப்ரல் 24ஆம் தேதிக்குப் போனேன். அது ஒரு வெள்ளிக்கிழமை. தனிநபர் மசோதாக்களுக்கு ஒதுக்கப்பட்ட பிற்பகல். சிவா முந்தைய ஆண்டு டிசம்பரில் அறிமுகம் செய்திருந்த திருநர் உரிமைகள் மசோதா அன்றைக்கு விவாதத்துக்கு வந்தது. கல்வியிலும் அரசு வேலையிலும் 2 விழுக்காடு இடஒதுக்கீடு, தேசிய, மாநில ஆணையங்கள், தனி நீதிமன்றங்கள் என்று விரிவான மசோதா அது. உச்சநீதிமன்றம் 2014 ஏப்ரல் 15ஆம் தேதி மூன்றாம் பாலினத்தவரின் உரிமைகளை ஏற்றுத் தீர்ப்புச் சொல்லி ஓராண்டுதான் ஆகியிருந்தது. தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டே திருநங்கைகளுக்கு நலவாரியம் அமைந்துவிட்டதால், இங்கிருந்து சென்ற ஒருவர் இதைக் கையில் எடுத்தது தற்செயல் அல்ல என்று நினைக்கிறேன். அரசே மசோதா கொண்டுவரும், எனவே இதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள் என்று அமைச்சர் கேட்டுக்கொண்டார். வழக்கமாகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தவர்கள் அந்த இடத்தில் நன்றி சொல்லித் திரும்பப் பெற்றுக்கொள்வார்கள். சிவா மறுத்தார். மசோதா எதிர்ப்பில்லாமல் நிறைவேறியது. நாடாளுமன்ற வரலாற்றில் சட்டமான தனிநபர் மசோதாக்கள் 14 மட்டுமே, அவற்றில் கடைசியானது 1970ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்று சொன்னால் அன்றைய நிகழ்வின் கனம் விளங்கும். மக்களவையில் அந்த மசோதா கரையேறவில்லை என்பது வேறு கதை.

இங்கேதான் எனக்கு முதல் தடை. அவ்வளவு பெரிய நாளிலும் நடந்தது குரல் வாக்கெடுப்பு. அன்றைக்கு அவையில் இருந்து ஆதரித்தவர்கள் யார், பேசாமல் உட்கார்ந்திருந்தவர்கள் யார், எழுந்து போனவர்கள் யார் என்று ஏட்டில் எந்தத் தடயமும் இல்லை. விவாதத்தில் பேசியவர்களின் பெயர்கள் மட்டுமே உண்டு.

பின்னர் வந்த அரசு மசோதா நீண்ட பயணம் செய்தது. 2016இல் அறிமுகமாகி, நிலைக்குழு ஆய்வு செய்து 2017 ஜூலையில் அறிக்கை தந்து, 2018 டிசம்பரில் மக்களவையில் நிறைவேறி, அந்த அவை கலைந்ததோடு காலாவதியானது. மறுபடி 2019இல் புதிதாக வந்து, ஆகஸ்ட் 5ஆம் தேதி மக்களவையில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. காஷ்மீர் குறித்த தீர்மானம் மாநிலங்களவையில் வந்த அதே நாள் என்பதால் நாட்டின் கவனம் முழுவதும் வேறு பக்கம் இருந்தது. மாநிலங்களவைக்கு அது வந்து நிறைவேறிய நாள் 2019 நவம்பர் 26.

அந்த நாளின் அவை ஏட்டைத் தேடி எடுப்பதற்கே எனக்கு இரண்டு மாலைகள் பிடித்தன. தேதி வாரியாகப் போனால் பெரிய கோப்பு ஒன்று இறங்குகிறது. கேள்வி நேரம், பூஜ்ய நேரம், மேசையில் வைக்கப்பட்ட தாள்கள் என்று எல்லாவற்றையும் தாண்டிப் போக வேண்டும். உறுப்பினர் இந்தியில் பேசியிருந்தால் தேவநாகரியிலேயே இருக்கிறது. தமிழில் பேசிய உரைகளுக்கு மேலே ஒரு நட்சத்திரக் குறியிட்டு, இது தமிழ் உரையின் ஆங்கில மொழிபெயர்ப்பு என்று அடிக்குறிப்புத் தருகிறார்கள். தமிழில் பேசியவரின் தமிழே நமக்குக் கிடைப்பதில்லை என்பது எனக்கு வருத்தமாக இருந்தது. "திருச்சி சிவா" என்று தேடினால் அவர் பேசிய இடங்களெல்லாம் வந்தன, வாக்குப் பட்டியல் மட்டும் வரவில்லை. பட்டியலில் பெயர்களைத் தலைகீழாக அச்சிடுகிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது: "சிவா, ஸ்ரீ திருச்சி" என்று. தேடுபவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. நான் வீணாக்கிய நேரம் அவர்களுக்கு மிச்சமாகும்.

மசோதாவை விரிவாக ஆராய்வதற்காக, உறுப்பினர்கள் அடங்கிய தெரிவுக் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்று சிவா கொண்டுவந்த தீர்மானத்தின் மீது டிவிஷன் நடந்திருந்தது. ஆதரவு 55, எதிர்ப்பு 74. அகர வரிசையில் பெயர்கள், ஒவ்வொரு பெயரும் ஒரு வரி. நூலகத்தின் பழைய கணினியில் அந்தப் பக்கத்தைத் திரையில் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே கண் கலங்கியது. ஏட்டின் மற்ற எல்லாப் பக்கங்களும் என்ன பேசினார்கள் என்பதைச் சொல்லுகையில், இந்தப் பக்கம் ஒன்றுதான் யார் எங்கே நின்றார்கள் என்பதைச் சொல்கிறது.

அந்த மகிழ்ச்சியில் நான் ஒரு பிழை செய்தேன். வாசிப்பு வட்டத்துக்காக எழுதிய அட்டையில் "2019 மசோதாவை எதிர்த்து வாக்களித்தார்" என்று சிவாவின் பெயருக்கு நேரே எழுதிவிட்டேன். மறுவாரம் திரும்பப் படித்தபோதுதான் உறைத்தது: அந்த 55 வாக்குகள் மசோதாவுக்கு எதிரானவை அல்ல, குழுவுக்கு அனுப்பு என்ற கோரிக்கைக்கு ஆதரவானவை. மசோதாவை மேலும் வலுவாக்க வேண்டும் என்பவரும், மசோதாவே வேண்டாம் என்பவரும் ஒரே பக்கம் நிற்கக்கூடிய வாக்கு அது. மசோதா மீதான இறுதி வாக்கெடுப்பு அன்றும் குரல் வாக்கெடுப்பாகவே முடிந்தது. அதற்குப் பெயர்ப் பட்டியல் இல்லை. இடஒதுக்கீடு விடுபட்டது, திருநர் மீதான பாலியல் வன்முறைக்கு அதிகபட்சத் தண்டனை 2 ஆண்டுகள்தான் என்பன போன்ற குறைகள் அப்போது பேசப்பட்டன. ஆகவே சிவா என்ன நினைத்தார் என்பதை அவருடைய உரையிலிருந்தும் 2015 மசோதாவிலிருந்தும் நாம் அறியலாமே தவிர, மசோதா மீது இப்படி வாக்களித்தார் என்று எழுத எனக்கு ஆதாரம் இல்லை. அட்டையைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன்.

பட்டியலில் பெயர் இல்லாதவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மாநிலங்களவையின் மொத்த இடங்கள் 245. அன்று பதிவான ஆதரவும் எதிர்ப்பும் சேர்ந்து 129. மீதி 116 இடங்களில் காலியிடங்கள் எத்தனை, வெளிநடப்புச் செய்தவர்கள் எத்தனை, ஊரில் இல்லாதவர்கள் எத்தனை என்று அந்தப் பக்கம் பிரித்துச் சொல்வதில்லை. "பெயர் இல்லை, ஆகவே நம் பக்கம் இல்லை" என்று வாசிப்பு வட்டத்தில் ஒரு தம்பி சொன்னபோது நான் ஒப்புக்கொள்ளவில்லை. வருகைப் பதிவையும் அன்றைய உரைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓரளவு ஊகிக்கலாம். ஆனால் ஊகத்தை ஊகம் என்றே எழுத வேண்டும்.

எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சி தன் உறுப்பினர்களுக்கு இடும் கொறடா உத்தரவையும் மறக்கக் கூடாது. 1985இல் அரசமைப்புச் சட்டத்தின் 52ஆம் திருத்தத்தின் வழியாக வந்த பத்தாவது அட்டவணையின்படி (கட்சித் தாவல் தடைச் சட்டம்), கட்சியின் கட்டளையை மீறி வாக்களித்தாலோ வாக்களிக்காமல் இருந்தாலோ, 15 நாட்களுக்குள் கட்சி பொறுத்துக்கொள்ளாவிட்டால், உறுப்பினர் பதவியை இழக்க நேரிடும். எனவே கொறடா உத்தரவு இருந்த நாளில் பதிவான வாக்கைக் கட்சியின் வாக்காகத்தான் முதலில் படிக்க வேண்டும். தனி மனிதரின் மனத்தைத் தனிநபர் மசோதாக்களிலும், அவர் எழுத்தில் கொடுத்த திருத்தங்களிலும், திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளிலும், குழு அறிக்கைகளின் பின்னிணைப்பில் இருக்கும் மாறுபட்ட கருத்துக் குறிப்புகளிலும் தேட வேண்டியிருக்கிறது. ஓர் உறுப்பினரைத் தெரிந்துகொள்ள எனக்கு மிகவும் உதவியவை இவைதாம்.

தேடலின் கடைசிக் கட்டம் 2020 செப்டம்பர் 20. அன்று ஞாயிற்றுக்கிழமை, கொரோனா காரணமாக உறுப்பினர்கள் இரு அவைக் கூடங்களிலும் மாடங்களிலும் பிரிந்து உட்கார்ந்திருந்தார்கள். வேளாண் மசோதாக்கள் இரண்டு மாநிலங்களவையில் வந்தன. தெரிவுக் குழுவுக்கு அனுப்பக் கோரியவர்களில் சிவாவும் ஒருவர். எதிர்க்கட்சியினர் டிவிஷன் கேட்டார்கள், கிடைக்கவில்லை, அமளிக்கிடையே குரல் வாக்கெடுப்பில் மசோதாக்கள் நிறைவேறின. உறுப்பினர்கள் தத்தம் இடத்தில் இருந்து கேட்கவில்லை என்பது அரசுத் தரப்பின் வாதம். சிவாவும் வேறோர் உறுப்பினரும் தங்கள் இருக்கையில் இருந்தே கேட்டது அவைத் தொலைக்காட்சிப் பதிவில் தெரிகிறது என்று பின்னர் ஒரு நாளிதழ் எழுதியது. டிவிஷன் கோரிக்கை மட்டும் போதாது, அவையில் ஒழுங்கும் இருக்க வேண்டும் என்று துணைத் தலைவர் ஹரிவன்ஷ் விளக்கம் தந்தார். மறுநாள் உறுப்பினர்கள் 8 பேர் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். சிவா அவர்களில் இல்லை. அமளிக்கு யார் பொறுப்பு என்ற வழக்கை நான் தீர்க்கப் போவதில்லை. ஆனால் கோடிக்கணக்கான உழவர்களைத் தொட்ட அந்தச் சட்டங்களுக்கு ஆதரவாகவும் எதிராகவும் நின்றவர்களின் பட்டியல் மாநிலங்களவை ஏட்டில் இல்லை. ஓராண்டுக்கும் மேலான போராட்டத்துக்குப் பிறகு 2021 நவம்பர் 29ஆம் தேதி அவற்றைத் திரும்பப் பெற்றபோதும் குரல் வாக்கெடுப்புத்தான், விவாதம்கூட இல்லை. ஓர் உறுப்பினர் டிவிஷன் கேட்டால் அதை மறுக்க எவருக்கும் இடமிருக்கக் கூடாது என்பது இந்த ஏழு வாரத்தில் எனக்கு உறுதியாகிவிட்ட கருத்து.

புதிய அட்டையில் நான் மூன்று தேதிகளை எழுதினேன். 2015 ஏப்ரல் 24: மசோதாவைக் கொண்டுவந்தவர், திரும்பப் பெற மறுத்தார், வாக்குப் பட்டியல் இல்லை. 2019 நவம்பர் 26: தெரிவுக் குழுத் தீர்மானத்தைக் கொண்டுவந்தார், 55க்கு 74 என்று தோற்றது, பட்டியல் உண்டு, மசோதா மீது பட்டியல் இல்லை. 2020 செப்டம்பர் 20: டிவிஷன் கேட்டார், நடக்கவில்லை, பட்டியல் இல்லை.

அதைப் படித்த என் பழைய மாணவி, நவம்பர் 26ஆம் தேதிப் பட்டியலின் அச்சுப்படியை மட்டும் தனியாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். மேசையில் விரித்து வைத்து, தமிழ்நாட்டு உறுப்பினர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பென்சிலால் அடிக்கோடிட்டார். இரண்டு வரிசைகளையும் முடித்த பிறகு, தமக்குத் தெரிந்த சில பெயர்கள் எதிலும் இல்லை என்றார். அந்தப் பெயர்களைத் தாளின் ஓரத்தில் எழுதிவைத்தார். அன்றைய வருகைப் பதிவை எப்படி எடுப்பது என்று அடுத்த ஞாயிறு நாங்கள் இருவரும் பார்க்க இருக்கிறோம்.