ஸ்லாக் கலந்தால் மட்டும் போதாது, தண்ணீரும் காட்ட வேண்டும்

சிமென்ட்டில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டு ஃப்ளை ஆஷோ (அனல்மின் நிலையச் சாம்பல்) ஸ்லாக் தூளோ (இரும்பாலைக் கசடு) போட்டால் கான்கிரீட்டின் ஆயுள் கூடும். ஆனால் க்யூரிங், அதாவது கான்கிரீட்டை நனைத்து ஈரமாகவே வைத்திருப்பது, ஒழுங்காக நடந்தால்தான்.

சிமென்ட் இறுகும்போது கூடவே கால்சியம் ஹைட்ராக்சைடு என்ற சுண்ணாம்பும் உண்டாகிறது. அதனால் பெரிய பலம் கிடையாது. தண்ணீரில் கரையும், சல்ஃபேட்டுக்கு எளிதில் இரையாகும். அனல்மின் சாம்பலில் இருக்கும் சிலிக்கா இந்தச் சுண்ணாம்போடு சேர்ந்து பசையாக மாறி, நுண்துளைகளை அடைக்கிறது. உப்பு கம்பியை எட்டத் தாமதமாகும். இந்த வேலை மாதக்கணக்கில் மெதுவாக நடப்பது. ஈரம் போனால் பாதியில் நின்றுவிடும். ஏழு நாளில் க்யூரிங்கை நிறுத்தாமல், ஈரச்சாக்கு போட்டுக் குறைந்தது 10 முதல் 14 நாள் நனைத்துவையுங்கள். காயவிட்டால் மேல்தோல் துளையோடு நிற்கும், கரியமிலவாயு சுலபமாக நுழையும். சுண்ணாம்பும் குறைவென்பதால் காரத்தன்மை சீக்கிரம் போய், சாதாரண கான்கிரீட்டைவிட முன்னதாகவே கம்பி துருப்பிடிக்கும்.

சிமென்ட்டுக்குப் பதிலாகப் போடும் அளவு: ஃப்ளை ஆஷ் 20 முதல் 30 சதவீதம், ஸ்லாக் 40 முதல் 50, சிலிக்கா ஃப்யூம் (மிக நுண்ணிய சிலிக்காத் தூள்) 5 முதல் 10. உப்புக்காற்றுப் படும் இடத்துக்கு ஒரு கனமீட்டருக்குச் சிமென்ட் 200 கிலோ, ஸ்லாக் 200 கிலோ, தண்ணீர் 160 லிட்டர் என்று தொடங்கி, டிரையல் மிக்ஸ் (சோதனைக் கலவை) போட்டுத் திருத்தலாம். ஃப்ளை ஆஷ் சிமென்ட்டைவிட லேசானது. 100 கிலோ சிமென்ட்டை எடுத்துவிட்டு அதே எடைக்குச் சாம்பல் போட்டால் கனஅளவு ஏறக்குறைய 14 லிட்டர் கூடும். மணலில் 36 கிலோ போலக் குறைக்க வேண்டும். பலரும் விட்டுவிடுவது இதைத்தான்.

சாம்பலில் எரியாத கரி அதிகமிருந்தால் அட்மிக்ஸரை (கலவையில் சேர்க்கும் ரசாயனம்) உறிஞ்சிவிடும், ஸ்லம்ப் (கலவையின் இளக்கம்) விழும். வைப்ரேட்டரை அதிகநேரம் வைத்தால் அந்தக் கரி மேலே மிதந்து கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும். சிலிக்கா ஃப்யூம் கலவையில் மேலே நீர் கசியாது, அதனால் பரப்பு உடனே காய்ந்து விரிசல் விடும். மட்டம் தட்டிய கையோடு மூடிவிடுங்கள்.

ஸ்லாக் போட்ட தூணில் சென்ட்ரிங் (அச்சுப்பலகை) பிரித்ததும் நீலப்பச்சை நிறம் தெரிந்தால் பயப்பட வேண்டாம். கசடிலுள்ள சல்ஃபைடு தரும் நிறம் அது. காற்றுப் பட்டால் வெளுத்துவிடும். குளிர்காலத்தில் பலம் மெதுவாகத்தான் ஏறும், அதனால் அப்போது மட்டும் சென்ட்ரிங்கை வழக்கமான நாள்கணக்கில் பிரிக்காதீர்கள். அந்த உறுப்போடு சேர்த்து அதே இடத்தில் வைத்த க்யூபை (அதே கலவையில் வார்த்த சோதனைக் கட்டி) உடைத்துப் பார்த்துவிட்டுப் பிரியுங்கள். ஸ்லாக் அதிகமுள்ள கலவைக்கு 28 நாளோடு 56 நாள் க்யூபும் எடுத்துவையுங்கள்.