கறுப்பு இழைகள்

நோயியல் ஆய்வகத்தில் வெள்ளிச் சாயம் ஏற்றும் வேலை என் கைக்கு வந்தபோது பயந்துகொண்டேதான் ஏற்றேன். கண்ணாடிக் கலத்தில் துளி அழுக்கு இருந்தாலும் போதும், ஸ்லைடு முழுவதும் கறை படிந்துவிடும். சரியாக அமைந்தால், எலும்பு மஜ்ஜையின் ரெட்டிகுலின் என்ற மெல்லிய நார்கள் கறுப்பு இழைகளாக எழுந்து நிற்கும்.

ஒருநாள், நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய் கண்ட ஒருவரின் மஜ்ஜைத் துண்டு வந்தது. ஊசியில் மஜ்ஜை ஏறவே இல்லை என்று படிவத்தில் எழுதியிருந்தது. சாயம் ஏற்றியதும் காரணம் புரிந்தது. பன்னாடையை விரித்து வைத்ததுபோல் எங்கும் நார். இந்த நாரைப் புற்றுச் செல்கள் நேரடியாக நெய்வதில்லை. நோயில் பெருகும் மெகாகேரியோசைட்டுகள் என்ற பெரிய மஜ்ஜைச் செல்கள் சுரக்கும் வளர்ச்சிக் காரணிகள் தூண்டிவிட, அருகிலிருக்கும் நார்ச்செல்கள் நெய்துகொண்டே போகின்றன. ரத்தம் ஊற வேண்டிய இடம் சுருங்குகிறது.

பதினான்கு மாதம் கழித்து அதே நோயாளியின் இரண்டாவது துண்டு வந்தது. சாயம் ஏற்றிப் பார்த்தேன். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில இழைகள், அவ்வளவுதான். என் கைதான் தவறிவிட்டது என்று நினைத்தேன். ஒப்பீட்டுக்கு வைத்த மண்ணீரல் ஸ்லைடில் நார் தெளிவாக இருந்தது. ஆனாலும் மனம் ஆறவில்லை. புதுக் கரைசல் செய்து மறுபடி ஏற்றினேன். அதே காட்சி.

டாக்டரிடம் கொண்டுபோனேன். அவர் பழைய ஸ்லைடை எடுத்துவரச் சொல்லி, இரண்டையும் மாறி மாறி வெகுநேரம் பார்த்தார். "சாயத்தில் குறையில்லை. இவர் இமாடினிப் சாப்பிடுகிறார்" என்றார்.

2001-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மாத்திரை அது. இந்த நோயில் காணும் பிலடெல்பியா என்ற மாறிய குரோமோசோமால் உருவாகி, நோய்ச்செல்களைப் பெருகவைக்கும் பிசிஆர்-ஏபிஎல் புரதத்தை முடக்குகிறது. நோய்ச்செல்கள் அடங்கினால் தூண்டுதலும் நிற்கிறது. பின்னிய நாரை உடலே மெல்லக் கரைத்துக்கொள்கிறது. தழும்பு என்றால் நிலையானது என்று நம்பியிருந்த எனக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லை. எல்லோருக்கும் இப்படி நடப்பதில்லை என்பதையும் பிறகு கண்டேன். ரெட்டிகுலினைத் தாண்டித் தடித்த கொலாஜனாக முற்றிவிட்டால், அது எளிதில் கரைவதில்லை.

இப்போதெல்லாம் இப்படிப்பட்டவரின் அடுத்த துண்டு வந்தால், பழைய துண்டைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியையும் அலமாரியிலிருந்து தேடி எடுக்கிறேன். இரண்டிலும் புதிதாகச் சீவல் வெட்டி, ஒரே நாளில், ஒரே கரைசலில் சாயம் ஏற்றி, இரண்டு ஸ்லைடுகளையும் ஒரே தட்டில் டாக்டரின் மேசைக்கு அனுப்புகிறேன்.