சிவப்பு டேக்

மார்ச் 4, செவ்வாய்

நிறுவனத்துக்குள் வரும் சண்டை நல்லதும் செய்யும், இதுதான் என் முனைவர் பட்டத் தலைப்பு. இன்று படித்த கட்டுரை அதன் காலை வாரிவிட்டது. வேலையைப் பற்றிய கருத்து மோதல் வேறு, ஆள் மேல் வரும் கோபம் வேறு என்று 1995-ல் ஆய்வாளர் கேரன் ஜென் பிரித்துக் காட்டினார், முன்னது சில வேலைகளில் உதவும் என்றார். அதை நம்பித்தான் இறங்கினேன். இன்று படித்தது 2003-ல் டி ட்ரூவும் வைன்கார்ட்டும் எழுதியது. பல ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்தால், இரண்டுமே வேலையைக் கெடுப்பதாகத்தான் வருகிறது. கைடிடம் புலம்பினேன். "படிச்சது போதும், கம்பெனிக்குப் போம்மா" என்றார்.

மார்ச் 11, செவ்வாய்

அம்பத்தூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் சின்ன யூனிட். குவாலிட்டிக்கும் புரொடக்‌ஷனுக்கும் ஆகாது, அது எந்த ஊரில்தான் ஆகும்? போன வருடக் கதையை லைன் சூப்பர்வைசர் அண்ணன் சொன்னார். இவர் ஆட்கள் பிளக் கேஜ் (துளையின் அளவு பார்க்கும் உருளை) போட்டுப் பார்த்து ஓகே சொன்ன புஷ்ஷை (நடுவில் துளையுள்ள குட்டி உதிரிபாகம்), ஆய்வு அறையில் இருக்கும் பெண் ரிஜெக்ட் செய்து டிரேயில் சிவப்பு டேக் கட்டியிருக்கிறார். மூன்றாவது தடவை இவர் டேகைப் பிய்த்து அவர் மேசையில் எறிந்துவிட்டார். "மாசக்கடைசிம்மா, டெஸ்பாட்ச் நிக்குது." அந்தப் பெண்ணும் விடவில்லை: "உங்க கேஜைக் கொண்டாங்க, ரெண்டையும் அளந்துடுவோம்."

அளந்தால், லைன் கேஜின் 'கோ' முனை, அதாவது சரியான துளைக்குள் போகவேண்டிய முனை, தேய்ந்திருக்கிறது. துளை சின்னதாக இருந்தாலும் உள்ளே போய்விடும்! காலிப்ரேஷன் ஸ்டிக்கரில், கேஜை மறுபடி சரிபார்க்க வேண்டிய தேதி தாண்டி ஐந்து மாதம். இத்தனை நாள் இரண்டு பேரும் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்கள், ஆளுக்கொரு கேஜில். இப்போது ஷிப்ட் தொடங்கும்போது கேஜை மைக்ரோமீட்டரில் அளந்து ரிஜிஸ்டரில் இரண்டு பேரும் கையெழுத்துப் போடுகிறார்கள்.

மார்ச் 14, வெள்ளி

நிர்வாகச் சிந்தனையாளர் மேரி பார்க்கர் ஃபாலெட்டை மறுபடி எடுத்தேன். 1925 உரை. ஹார்வர்டு நூலக அறையில் ஒருவருக்கு ஜன்னல் திறந்திருக்க வேண்டும், ஃபாலெட்டுக்கு மூடியிருக்க வேண்டும். கடைசியில் ஆளில்லாத பக்கத்து அறை ஜன்னலைத் திறந்தார்கள். அவருக்குக் காற்று வந்தது, இவர் மேல் வாடை அடிக்கவில்லை. யாரும் விட்டுக்கொடுக்கவில்லை என்பதை ஃபாலெட் அழுத்திச் சொல்கிறார். இங்கேயும் அந்தப் பெண் ஒரு மைக்ரான்கூட விட்டுக்கொடுக்கவில்லை. மேலாளர் வந்து "பாதியை அனுப்புங்க" என்று சமாதானம் செய்திருந்தால் கேஜ் இன்னும் தேய்ந்துகொண்டே இருந்திருக்கும்.

மார்ச் 20, வியாழன்

இன்று அந்தப் பெண்ணிடம் பேசினேன். ரிஜிஸ்டரைக் காட்டினார், ஒருநாள்கூட விடுபடவில்லை. அப்போ அண்ணனும் நீங்களும் இப்போ ராசியா என்றேன்.

"கையெழுத்து போடுவார். டேகை எறிஞ்சதுக்கு இன்னும் ஒரு ஸாரி சொல்லலைங்க."